ஒரே தலையில மூணு கலர் வந்துடுச்சு, எந்த இடத்துல தப்பு பண்ணேன்?

நுனிமுடி:

எல்லாருக்கும் வணக்கம். காஸ்மெட்டாலஜி ரெண்டாவது செமஸ்டர் படிக்கிறேன், கலர் ப்ராக்டிகல் சீக்கிரம் வருது. நேத்து பயிற்சிக்காக என் சித்தி பொண்ணு தலையைக் குடுத்தா. அவளுக்கு இயற்கையா லெவல் 3 (1 கருப்பு, 10 மிக வெளிர்), ஆனா ரொம்ப நாளா கருப்பு டை போட்டுட்டு இருந்து நாலு மாசத்துக்கு முன்னாடிதான் நிறுத்தினா, அதனால வேர்ல ரெண்டு இஞ்சு புது முடி, அதுக்குக் கீழ பூரா டை. அவளுக்கு லெவல் 8 பீஜ் ஆஷ், அதாவது சாம்பல் சாயல் வேணும். நான் பவுடர் ப்ளீச்சை 40 வால்யூம் டெவலப்பர்ல (பெராக்சைடு க்ரீம்) கலந்து வேர்ல ஆரம்பிச்சு நுனி வரைக்கும் ஒரே மூச்சுல பூசிட்டு நாப்பது நிமிஷம் விட்டேன். அலசிப் பாத்தா வேர் வெளிர் மஞ்சள், நடுமுடி பளீர்னு ஆரஞ்சு, நுனி செங்காவி. பதறிப்போய் சாயலை மாத்தற டோனர், 9.1 (லெவல் 9 ஆஷ்), அதை 20 வால்யூம்ல கலந்து மேல போட்டேன், வேர் லேசா சாம்பலாச்சு, ஆரஞ்சு அப்படியே ஆரஞ்சாதான் இருக்கு.

லெவல் சார்ட் மனப்பாடமா தெரியும், கலர் வீலும் வரையத் தெரியும், அப்படியும் இப்படி ஆனது எனக்கு அழுகையா வருது. இன்னைக்கு ராத்திரியே மறுபடி ப்ளீச் பண்ணிடலாமா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_சீப்பு:

ப்ளீச்சைத் தொடாதே மா. முதல்ல ஒண்ணு சொல்லு, அவ உச்சந்தலையில எரிச்சல், கொப்புளம், நீர் கசியறது ஏதாவது இருக்கா? வேர்ல 40 வால்யூம்னு படிச்ச உடனே எனக்கு அதுதான் கவலை. அதுக்குப் பதில் சொன்ன பிறகு கலரைப் பத்திப் பேசலாம்.

நுனிமுடி:

அக்கா, பூசினப்போ எரியுதுன்னு சொன்னா, அலசின பிறகு சிவப்பா இருந்துச்சு, இன்னைக்கு காலைல சரியாயிடுச்சு. கொப்புளம் எதுவும் இல்ல.

பழைய_சீப்பு:

நல்லவேளை. சரி, இப்போ அழுகையை நிறுத்திட்டு கவனமா படி. நீ ஒரு தலையில ப்ளீச் பண்ணல, மூணு தலையில பண்ணியிருக்க. வேர் ஒரு முடி, நடு ஒரு முடி, நுனி ஒரு முடி. மூணுக்கும் சரித்திரம் வேற.

வேர்: டை படாத புது முடி, அதுக்கு மேல தலையோட உடம்புச் சூடு. சூடு பட்டா ப்ளீச் வேகமா வேலை செய்யும். அதான் வேர் முதல்ல பறந்துடுச்சு, இதைத்தான் ஹாட் ரூட்ஸ்னு சொல்றோம். டை படாத தலைக்கு முதல் தடவை வெளுக்கும்போது நடுவுல இருந்து ஆரம்பிச்சு, வேர் ஓரமா ஒரு செண்டிமீட்டராவது விட்டுட்டு, நடுமுடி பாதி தூரம் வெளுத்த பிறகுதான் வேருக்கு வரணும், அதுக்கும் புதுசா கலக்கின ப்ளீச்.

நடு: அங்க டை இருக்கு, ஆனா சில தடவைதான் பட்டிருக்கு. ப்ளீச் டையையும் உடைச்சு இயற்கை நிறத்தையும் உடைச்சு ஆரஞ்சு வரைக்கும் வந்து நேரம் முடிஞ்சு நின்னுடுச்சு.

நுனி: அவ ஒவ்வொரு தடவையும் வேர்ல இருந்து நுனி வரைக்கும் டை இழுத்திருப்பா, கேட்டுப் பாரு. ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை அடுக்கு கருப்பு ஏறியிருக்கோ தெரியாது. நாப்பது நிமிஷத்துல செங்காவி வரைக்கும் வந்ததே பெரிய விஷயம்.

இதுக்கெல்லாம் வழி உண்டு, ஆனா இன்னைக்கு ராத்திரி இல்ல.

இருபது_வால்யூம்:

சீப்பு அக்கா சொன்னதோட ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன், ஏன்னா நுனிமுடி மாதிரி நானும் சார்ட்டை மனப்பாடம் பண்ணி ஒண்ணும் புரியாம இருந்தவன். லெவல்னா கருமை எவ்வளவு வெளுப்பு எவ்வளவுங்கறது மட்டும்தான், 1 கருப்பு, 10 மிக வெளிர் ப்ளாண்ட். அதுல கலர் கிடையாது. டோன்னா கண்ணுக்குத் தெரியற சாயல், சூடா குளிர்ச்சியா நடுநிலையா. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கறது மூணாவது, அதுதான் அடிநிறம், அண்டர்லையிங் பிக்மென்ட். வெளுக்கும்போது ஒவ்வொரு லெவல்லயும் உள்ள இருந்து என்ன எட்டிப் பாக்குதோ அது. லெவல் 4ல சிவப்பு, 5ல செவ்வாரஞ்சு, 6ல ஆரஞ்சு, 7ல மஞ்சள் கலந்த ஆரஞ்சு, 8ல மஞ்சள், 9ல வெளிர் மஞ்சள், 10ல வாழைப்பழத் தோலோட உள்பக்கம் மாதிரி. முடிக்குள்ள ரெண்டு மெலனின் இருக்கு, யூமெலனின் கருமையும் பழுப்பும், ஃபியோமெலனின் சிவப்பும் மஞ்சளும். ப்ளீச்சுக்கு யூமெலனின் சீக்கிரம் மடங்கும், ஃபியோமெலனின் பிடிவாதமா கடைசி வரைக்கும் நிக்கும், அதனாலதான் கருப்பு முடி நேரா வெள்ளையாகாம சிவப்பு ஆரஞ்சு மஞ்சள்னு படி இறங்கி வருது.

இதை வச்சு உன் டோனரைப் பாரு. 9.1ங்கறது லெவல் 9 முடிக்குச் செஞ்சது, வெளிர் மஞ்சளை அடக்கற அளவுக்குத்தான் அதுல நிறம் இருக்கும். லெவல் 6 ஆரஞ்சு மேல அதைப் போடறது இருட்டு சுவர்ல ஒரு கை சுண்ணாம்புத் தண்ணி அடிச்ச மாதிரி, தெரியவே தெரியாது. டோனர் வெளுக்காது, சாயலை மட்டும்தான் மாத்தும், முடி எந்த லெவல்ல நிக்குதோ அந்த லெவல்லயோ அதைவிட கொஞ்சம் இருட்டாவோ இருந்தாத்தான் பிடிக்கும். நீ 20 வால்யூம் வேற போட்டிருக்க. டோனருக்கு 5, 6, 7, அதிகம் போனா 10 போதும்.

கலர்_கிண்ணம்:

40 வால்யூம் போட்டதை எல்லாரும் திட்டறீங்க, ஆனா அடர்த்தியான கருப்பு முடிக்கு 20 வால்யூம் ஒண்ணும் பண்ணாது. நான் பாத்த வரைக்கும் 40 இல்லாம வேலை நடக்கல. கம்மியா வச்சு ரெண்டு மணி நேரம் உட்கார வைக்கிறதுக்கு சீக்கிரம் முடிக்கிறது மேல்.

பழைய_சீப்பு:

கிண்ணம் தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். கலர்ல 40 வால்யூம் வேற, ப்ளீச்ல 40 வால்யூம் வேற. ப்ளீச் பவுடர் இல்லாமலே வெளுக்கற ஹை லிஃப்ட் கலர்ல அமோனியாவும் பெராக்சைடும்தான் வெளுக்கற வேலையைச் செய்யணும், அங்க 40க்கு அர்த்தம் இருக்கு, மூணு நாலு லெவல் வரைக்கும் தூக்கும், அதுவும் டை படாத முடியா இருந்தாத்தான். ப்ளீச் பவுடர்ல பொட்டாசியம் அமோனியம் பர்சல்ஃபேட் எல்லாம் சேர்ந்து வேலை செய்யுது. அங்க 20 வச்சாலும் நேரம் குடுத்தா அதே தூரம் போகும், முடி தாங்கற வேகத்துல போகும். 40 வச்சா முதல் பத்து நிமிஷத்துல செதில் அடுக்கு தடாலடியா வீங்கித் திறந்துக்கும், உள்ள புரதம் கரையும், நீங்க ஃபாயில் பிரிக்கறதுக்குள்ள நுனி ரப்பர் மாதிரி இழுபடும். பெரும்பாலான பவுடர் டப்பாவுலயே தோல்ல படற வேலைக்கு இவ்வளவு வால்யூமுக்கு மேல போகாதேன்னு அச்சடிச்சிருப்பாங்க. அதைப் படிச்சுட்டு கலக்கறவங்க எத்தனை பேர்?

எங்கிட்ட பயிற்சிக்கு வந்த ஒரு பொண்ணு தலையில இப்படித்தான் ஒரு இடத்துல அவசரப்பட்டு 40 போட்டு, பிடரிப் பக்கம் ரூபாய் அளவுக்குத் தோல் வெந்து, அந்த இடத்துல முடி வளரவே பல மாசம் ஆச்சு. அந்தத் தலையை நான்தான் தொட்டு மருந்து போட அனுப்பினேன். அதனால வேர்ல 40ங்கற பேச்சே என்கிட்ட வேண்டாம்.

இருபது_வால்யூம்:

வால்யூம்னா என்னன்னே பல பேருக்குத் தெரியாது. 20 வால்யூம் பெராக்சைடு ஒரு லிட்டர் முழுசா சிதைஞ்சா 20 லிட்டர் ஆக்சிஜன் வாயு வரும், அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். சதவீதத்துல 10 வால்யூம் 3%, 20 வால்யூம் 6%, 30 வால்யூம் 9%, 40 வால்யூம் 12%. தெனார்ங்கற ஃப்ரெஞ்சு வேதியியலாளர் 1818ல கண்டுபிடிச்ச அதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான் இன்னைக்கும் நம்ம கிண்ணத்துல இருக்கு.

பரீட்சையில கேப்பாங்க, அதனால இதையும் சொல்றேன். 12% இருக்கு, 6% வேணும்னா சரிபாதி காய்ச்சி வடிச்ச தண்ணி. 9% வேணும்னா மூணு பங்கு 12%, ஒரு பங்கு தண்ணி. கணக்கு தெரிஞ்சுக்கோங்க, ஆனா க்ரீம் டெவலப்பர்ல தண்ணி கலந்தா நீர்த்துப் போய் வழியும், கோடு நிக்காது, வேலைக்கு அந்தந்த அளவு பாட்டிலையே வாங்கி வைக்கிறதுதான் சரி.

ஃபாயில்_பொண்ணு:

நான் முதல் செமஸ்டர், கேள்வி கேக்கலாமா? பெர்மனென்ட் கலருக்கும் டெமிக்கும் செமிக்கும் வித்தியாசம் புத்தகத்துல ஒரு பக்கம் இருக்கு, படிச்சா புரியற மாதிரி இருக்கு, மூடி வச்சா மறந்துடுது.

இருபது_வால்யூம்:

அளவை நினைச்சுக்கோ, மறக்காது. செமி பெர்மனென்ட்ல நிறத்துகள் ஏற்கனவே செஞ்சு முடிச்சது, டெவலப்பர் கிடையாது, முடியோட மேல்பக்கமும் செதில் ஓரத்துலயும் போய் உக்காரும், குளிக்கக் குளிக்கப் போயிடும். பெர்மனென்ட்ல நாம போடறப்போ நிறமே கிடையாது, கவனிச்சிருக்கியா, ட்யூப்ல வெள்ளையா இருக்கிற க்ரீம் கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா கருக்கும். பிபிடி (பாரா ஃபெனிலீன் டையமீன்) மாதிரி சின்னச் சின்ன மூலக்கூறுகள் அமோனியா திறந்து விட்ட வழியா முடியோட உள்பகுதியான கார்ட்டெக்ஸுக்குள்ள நுழையும், உள்ள போன பிறகு பெராக்சைடு பட்டு ரிசார்சினால் மாதிரி கப்ளரோட, அதாவது கூடச் சேர்ற துணை மூலக்கூறோட கை கோத்து பெரிய மூலக்கூறா மாறும், மாறின பிறகு வந்த வழியா வெளிய போக முடியாது. இந்த பிபிடி ஆக்சிஜன் ஏறினா நிறம் வரும்னு ஹாஃப்மன் 1863லயே எழுதிட்டார், அதுக்குப் பல வருஷம் கழிச்சு 1907ல ஷூலர் ஹேர் டை செஞ்சு விக்க ஆரம்பிச்சார், பின்னாடி லோரியால் ஆனது அவர் கம்பெனிதான். டெமி ரெண்டுக்கும் நடுவுல, டெவலப்பர் உண்டு ஆனா கம்மி வால்யூம், காரத்தன்மையும் கம்மி, நிறத்தை வைக்கும், இயற்கை நிறத்தைக் கிட்டத்தட்ட தூக்காது. டோனர்னு நாம சொல்றது பெரும்பாலும் இந்த டெமிதான்.

நுனிமுடி:

அண்ணா இதைப் படிச்ச பிறகுதான் புரியுது, கலர் மேல கலர் போட்டா வெளுக்காதுன்னு டீச்சர் சொன்னது. உள்ள கை கோத்து நிக்கற மூலக்கூறை இன்னொரு கலர் ட்யூப் உடைக்க முடியாது, அதான? லெவல் 4 டை போட்ட முடி மேல லெவல் 7 கலர் போட்டா வேர்ல இருக்கற புது முடி மட்டும் மாறும், கீழ அப்படியே இருக்கும்.

பழைய_சீப்பு:

அதேதான். பிடிச்சுட்ட.

மோர்_மேன்:

நடுவுல ஒரு முக்கியமான விஷயம் விட்டுப் போகுது. இந்தப் பேச்சு முழுக்கத் தேடிட்டேன், பேட்ச் டெஸ்ட்னு ஒரு வார்த்தை இல்ல. ப்ளீச்சுக்குப் பிறகு டோனர் போட்டிருக்கீங்க, அதுலயும் பிபிடியோ அதோட பங்காளி டொலுயீன் டையமீனோ இருக்கும். காதுக்குப் பின்னாடியோ முழங்கை உள்மடிப்புலயோ கொஞ்சம் பூசி 48 மணி நேரம் பாக்கணும். ரொம்ப நாளா டை போடறவங்கதானே, ஒண்ணும் ஆகாதுன்னு விடாதீங்க. அலர்ஜி முதல் தடவையிலயே வராது, உடம்பு பழகிப் பழகி ஒரு நாள் திடீர்னு எதிர்க்கும். கருப்பு ஹென்னான்னு தோல்ல படம் வரைஞ்சுக்கிட்டவங்ககிட்ட கண்டிப்பா கேளுங்க, அதுல பிபிடி அளவில்லாம கலந்திருக்கலாம், அங்க ஒரு தடவை கொப்புளிச்ச ஆளுக்கு ஹேர் டை பட்டா முகம் வீங்கி கண்ணு மூடிக்கும். நான் பாத்திருக்கேன். அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன ஆட்டோல நான்தான் பக்கத்துல இருந்தேன்.

நுனிமுடி:

நான் பண்ணல. டை போட்டுப் பழகின தலைதானேன்னு விட்டுட்டேன். அடுத்த தடவைக்கு இன்னைக்கே அவ காதுக்குப் பின்னாடி வைக்கிறேன்.

பழைய_சீப்பு:

மேன் சொன்னது தங்கம். இன்னொண்ணு, பவுடர் கலக்கும்போது மூக்கை மூடிக்கோ. பர்சல்ஃபேட் தூசு நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்துமா வரும், இது நம்ம தொழில் நோய். நான் ஆரம்பத்துல வருஷக்கணக்கா ஜன்னல் இல்லாத மூலையில மாஸ்க் போடாம கலக்கினேன், இப்போ யாராவது டப்பாவை வேகமா திறந்தாலே எனக்கு மூச்சு இழுக்குது. உலோகக் கிண்ணம் வேண்டாம், ப்ளாஸ்டிக்தான். கலந்தது மிச்சமானா மூடி போட்டு வைக்காதே, வாயு சேர்ந்து வெடிக்கும்.

இப்போ உன் தலைக்கு வருவோம். ஒரே கிண்ணத்துல சரி பண்ணலாம்னு நினைக்கிற வரைக்கும் இது சரியாகாது. எங்க போய்ச் சேரணும்னு முதல்ல முடிவு பண்ணு. நுனி செங்காவியில இருக்கு, அதை இப்ப லெவல் 8க்கு இழுத்தா கையோட வந்துடும். அதனால மொத்தத் தலையையும் லெவல் 6 பக்கம் கொண்டு வந்து நிறுத்து, அவ கேட்ட வெளுப்பை அப்புறமா மெல்லிசா ஹைலைட்டா குடுக்கலாம். இப்போ நீயே சொல்லு, மூணு இடத்துக்கும் என்னென்ன போடுவ?

நுனிமுடி:

நடுமுடி லெவல் 6 ஆரஞ்சு, ஆரஞ்சுக்கு எதிர் நீலம், அதனால நீலம் அடிப்படையா இருக்கிற 6.1 டெமி, 10 வால்யூமுக்குள்ள. வேர் லெவல் 9, அதை 6க்கு இறக்கணும், அங்கயும் 6.1 போட்டா ஒரே மாதிரி வந்துடும். நுனிக்கு ஒண்ணும் போடாம விட்டுடவா?

இருபது_வால்யூம்:

நடு சரி. வேர் தப்பு, அங்க 6.1 போட்டா பாசி பிடிச்ச கலர் வரும். ஏன்னு யோசிச்சுப் பாரு.

நுனிமுடி:

மஞ்சள் மேல நீலம்... பச்சை!

பழைய_சீப்பு:

ஆமா மா. இந்த இடத்துலதான் எல்லாரும் விழறது. வெளுத்த முடியோட சாயலை அடக்கறதுக்கு எதிர்நிறம் வேணும், இருட்டாக்கறதுக்கு காணாமப் போன நிறம் வேணும். இயற்கையா லெவல் 6ல இருக்கற முடிக்குள்ள ஆரஞ்சு இருக்கும், நீ வேர்ல அதை முழுசா சுரண்டி எடுத்துட்ட, வெறும் வெளிர் மஞ்சள்தான் மிச்சம். இப்போ அது மேல பழுப்பை வச்சா பிடிமானமில்லாம சாம்பல் பச்சையா நிக்கும், நாலு குளியல்ல மங்கிடும். அதனால முதல்ல நிரப்பணும். ஃபில்லர்னு சொல்றது இதைத்தான், ரீபிக்மென்டேஷன்னும் சொல்வாங்க. செம்புப் பொன் சாயல்ல ஒரு 7.43 மாதிரி எடுத்து கம்மி வால்யூம்ல வேருக்குப் போட்டு, பிடிச்ச பிறகு துடைச்சுட்டு, அது மேல 6 நேச்சுரல். பாக்கறப்போ தலை எல்லாம் செம்பாயிட்டு இருக்கேன்னு பயமா இருக்கும், பயப்படாதே. நுனிக்கு லெவல் 5ல லேசா பச்சை அடிப்படை இருக்கிற மேட் டோன் கொஞ்சம் நேச்சுரல்ல கலந்து சிவப்பை அடக்கலாம், இல்லனா இரண்டு இஞ்சு வெட்டிடு. நான் வெட்டச் சொல்வேன்.

ஒரே தலைக்கு மூணு கிண்ணம். ஒரு இடத்துல செம்பைக் கூட்டற, ஒரு இடத்துல செம்பை அணைக்கற, ஆனா போய்ச் சேர்றது ஒரே கலருக்கு.

கலர்_கிண்ணம்:

இதை ஒத்துக்கறேன். எனக்கு ப்ளாண்ட்ல இருந்து பழுப்புக்கு மாத்தச் சொன்ன ஒரு வேலை இப்படித்தான் காக்கியா போச்சு, டை கம்பெனியைத்தான் இத்தனை நாளா குறை சொல்லிட்டு இருந்தேன். புள்ளிக்குப் பிறகு வர்ற எண்ணைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்க, .1 எல்லா கம்பெனியிலயும் ஆஷ்தானா?

இருபது_வால்யூம்:

பல கம்பெனியில .1 ஆஷ், .3 பொன், .4 செம்பு. ஆனா அதை நம்பி வேற கம்பெனிக்குத் தாவாதீங்க, சில இடத்துல எண் வேற, சில இடத்துல எழுத்து. அதைவிட முக்கியம், ஆஷ்னு பேர் ஒண்ணுதான், அடியில ஒருத்தர் நீலம் வைப்பார், ஒருத்தர் பச்சை, ஒருத்தர் ஊதா. ஆரஞ்சை அடக்க ஊதா ஆஷ் எடுத்தா ஒண்ணும் நடக்காது. டப்பா கூட வர்ற சார்ட்ல அடிப்படை என்னன்னு பாருங்க, இல்லனா வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல ட்யூப்ல இருந்து துளி எடுத்துத் தேச்சு, டெவலப்பர் சொட்டு விட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க, ஓரளவு காட்டிக் குடுத்துடும்.

பர்ப்பிள் ஷாம்பூ பத்தியும் இதே கதை. ஊதா மஞ்சளுக்குத்தான். ஆரஞ்சு தலையோட வர்றவங்ககிட்ட பர்ப்பிள் ஷாம்பூ குடுத்து அனுப்பறதை நிறுத்துங்க, அவங்களுக்கு நீலம் வேணும்.

ஃபாயில்_பொண்ணு:

அவளுக்கு அப்புறமா ஹைலைட்னு அக்கா சொன்னீங்கல்ல, அங்க பாலயாஜ் பண்ணலாமா ஓம்ப்ரே பண்ணலாமா? எங்க வகுப்புல இது ரெண்டுக்கும் பெரிய சண்டை.

பழைய_சீப்பு:

சண்டையே தேவையில்ல கண்ணு, ரெண்டும் ஒரே வரிசையில நிக்கற வார்த்தை இல்ல. பாலயாஜ் கை செய்யற வேலையோட பேரு, ஃப்ரெஞ்சுல பெருக்கறதுன்னு அர்த்தம், பிரஷ்ஷை துடைப்பம் மாதிரி முடி மேல்பக்கமா வீசி இழுக்கறது. ஓம்ப்ரே முடிஞ்ச பிறகு கண்ணுக்குத் தெரியற தோற்றத்தோட பேரு, மேல இருட்டு கீழ வெளுப்பு. பாலயாஜ் கையால ஓம்ப்ரே தோற்றம் கொண்டு வரலாம், ஃபாயில் வச்சும் கொண்டு வரலாம். கஸ்டமர் பாலயாஜ் வேணும்னு சொன்னா பத்துல எட்டு பேர் தோற்றத்தைத்தான் சொல்றாங்க, கையை இல்ல. படம் கேளு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது, அதனால கொஞ்சம் நீட்டறேன் பொறுத்துக்கோங்க. திறந்த வெளியில பூசறதால ப்ளீச் சீக்கிரம் காயும், காஞ்ச ப்ளீச் வேலை செய்யாது. அதனால களிமண் கலந்த கெட்டியான ப்ளீச் எடுப்போம், மேல ஓடு கட்டிக்கிட்டு உள்ள ஈரமா இருக்கும். அப்படியும் மூணு நாலு லெவல் தாண்டறது கஷ்டம். லெவல் 3ல இருந்து 9 வேணும்னா ஃபாயில்தான், அது சூட்டையும் ஈரத்தையும் பிடிச்சு வச்சுக்கும். பாலயாஜ் மாதிரி பூசி ஃபாயில்ல மடிக்கறதை ஃபாயிலாஜ்னு சொல்வாங்க. ஓரத்துல பிரஷ்ஷை படுக்க வச்சு அதிகமா, நடுவுல கம்மியா, V வடிவுல போகணும், பிரஷ்ஷை முடிக்குள்ள குத்தினா புள்ளி புள்ளியா கசிஞ்சு மேல திட்டு விழும்.

ஃபாயில்ல ஸ்லைஸ்னா மெல்லிசா ஒரு தகடா எடுக்கறது, கலர் பளிச்னு பட்டையா தெரியும். வீவ்னா சீப்பு வாலால மேல கீழ ஊசி கோத்த மாதிரி எடுக்கறது, இயற்கையா கலந்து நிக்கும். பேபிலைட்ஸ் அதுலயே ரொம்ப ரொம்ப மெல்லிசு. லோலைட் இருட்டாக்கறது. வேர்ல இருட்டு சாயல் குடுத்து வெளுப்போட கலக்கறதை ரூட் ஷேடோ, ரூட் ஸ்மட்ஜ்னு இடத்துக்கு ஒரு பேர்ல சொல்வாங்க. முகத்தை ஒட்டி ரெண்டு பக்கமும் வெளுக்கறது மணி பீஸ்.

மோர்_மேன்:

ஹென்னா போட்ட தலைன்னா இதெல்லாம் தொடறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் உண்டு. சுத்தமான ஹென்னாவுல லாசோன்ங்கற நிறம் முடியோட புரதமான கெராட்டின்ல ஒட்டிக்கும், ப்ளீச்சுக்கு ஓரளவு அடங்கும், ஆரஞ்சு மட்டும் விடாது. அவுரி கலந்தது ப்ளீச் பட்டா பச்சை காட்டும். உலோக உப்பு கலந்ததுதான் ஆபத்து. வெட்டின முடிக் கற்றையை 30 மில்லி 20 வால்யூம் பெராக்சைடுல 20 சொட்டு 28% அமோனியா விட்டு அரை மணி நேரம் ஊற வைக்கணும், கண்ணாடிக் கிண்ணத்துல, கையுறை கண்ணாடி போட்டுக்கிட்டு. கொதிச்சு சூடேறி நாத்தமடிச்சா செம்பு உப்பு இருக்கு, உடனே வெளுத்தா ஈயம், ஒண்ணுமே ஆகலனா வெள்ளி. இதுல எது நடந்தாலும் அந்தத் தலையில ப்ளீச்சும் கிடையாது, பெர்மனென்ட்டும் கிடையாது. உலோகம் இல்லாத முடி மெதுவா சாதாரணமா வெளுக்கும்.

கலர்_கிண்ணம்:

நரையை ஏன் யாரும் பேசல? எனக்கு வர்ற வேலையில பாதி அதுதான். கேட்ட சிவப்பை நேரா போட்டா நரை மட்டும் நெருப்பு மாதிரி தெரியுது.

பழைய_சீப்பு:

நரைக்குள்ள அடிநிறமே கிடையாதே தம்பி, நீங்க வைக்கறது மட்டும்தான் தெரியும். அதான் பாதி நேச்சுரல் பாதி சிவப்புன்னு கலக்கறது, நரை அதிகமானா நேச்சுரலைக் கூட்டணும். 20 வால்யூம், அச்சடிச்ச நேரம் முழுசா விடணும், நரை அடர்த்தியா இருக்கற இடத்துல முதல்ல பூசணும், பெரும்பாலும் வகிடும் காதோரமும்.

நுனிமுடி:

ரெண்டு வாரம் கழிச்சு வந்து எழுதறேன். பேட்ச் டெஸ்ட் சுத்தமா இருந்துச்சு. முதல்ல நுனியில உள்பக்கமா ஒரு கற்றை எடுத்து கலர் ரிமூவர் போட்டுப் பாத்தேன், அந்தக் கை கோத்த மூலக்கூறைப் பிரிச்சு விடும்னு படிச்சேன். இருபது நிமிஷத்துல அழகா இளம்பழுப்பு வந்துடுச்சு, சந்தோஷமா அஞ்சு நிமிஷம் அலசி விட்டேன். மறுநாள் காலைல பாத்தா மறுபடி கருத்துப் போச்சு. ஏன் இப்படி?

இருபது_வால்யூம்:

அலசினது போதல. பிரிஞ்ச சின்ன மூலக்கூறு முடிக்குள்ளயே மிஞ்சியிருந்தா காத்துல இருக்கற ஆக்சிஜன் பட்டு மறுபடி கை கோத்துக்கும். டப்பாவுல எவ்வளவு நேரம் அலசச் சொல்லியிருக்கோ அவ்வளவு நேரம், கை வலிச்சாலும் அலசணும். தலை முழுக்கப் போடாம ஒரு கற்றையில பாத்தியே, அதுக்கு சபாஷ்.

நுனிமுடி:

அண்ணா சொன்ன மாதிரி இன்னொரு கற்றையில நிறைய நேரம் அலசினேன், நின்னுடுச்சு. ஆனா ஈரத்துல இழுத்துப் பாத்தா நல்ல முடி பாதி நீளம் கூடுதலா நீண்டு திரும்பி வரணும்னு படிச்சோமே, அது நுனியில திரும்பி வரல, அப்படியே தொங்குச்சு. அதனால சீப்பு அக்கா பேச்சைக் கேட்டு மூணு இஞ்சு வெட்டிட்டேன். அவ முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா, அப்புறம் சரின்னுட்டா.

நேத்து பண்ணேன். வேருக்கு 7.43, 7 வால்யூம்ல, இருபது நிமிஷம். துடைச்சுட்டு 6 நேச்சுரல். நடுமுடிக்கு 6.1, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை டிஷ்யூவால துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன், பதினெட்டாவது நிமிஷம் ஆரஞ்சு அடங்கிடுச்சு, உடனே அலசிட்டேன். காய வச்ச பிறகு வேருக்கும் நடுவுக்கும் கோடு தெரியல. காதுக்குப் பின்னாடி மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு கொஞ்சம் செம்பு மிச்சமிருக்கு, அங்க டெமி கம்மியா பூசியிருக்கேன் போல. ஹைலைட்டுக்கு இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

பழைய_சீப்பு:

நாளை எண்ணாதே, அந்த இழுத்துப் பாக்கற டெஸ்ட்டை மாசத்துக்கு ஒரு தடவை நடுமுடியில பண்ணு. நீண்டு முழுசா திரும்பி வர ஆரம்பிச்சா முகத்தை ஒட்டி நாலே நாலு ஃபாயில், 20 வால்யூம், வேரைத் தொடாம. காதுக்குப் பின்னாடி இருக்கற செம்பை விட்டுடு, கூந்தல் விழுந்தா தெரியாது. வெட்டின நுனியைத் தூக்கிப் போட்டுட்டியா?

நுனிமுடி:

இல்ல அக்கா, ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன். அதுல 20 வால்யூம்ல ஒரு கற்றை, 40ல ஒரு கற்றைன்னு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணா வெட்டி நோட்டுல செல்லோடேப் போட்டு ஒட்டப் போறேன்.

கலர்_கிண்ணம்:

ஒட்டின பிறகு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இங்க போடுங்க. நானும் பாக்கணும்.